அம்மாவை ஒரு கிழமை பிறர் கையில் விடலாமா?

கேள்வி: பாரிசவாதத்தால் வலப்பக்கம் வழங்காமற்போன என் அம்மாவை நான்கு ஆண்டுகளாக நான் தனியே பார்த்து வருகின்றேன். கனடாவிலிருக்கும் தமையன்மார் இருவரும் மாதந்தவறாமற் காசு அனுப்புகின்றனர். நல்லூர் முருகன் கோயில் நடந்துபோகும் தூரந்தான். ஆயினும் 25 நாள் திருவிழாவில் ஒருநாட்கூட என்னாற் போக முடியவில்லை. நித்திரையின்றி அம்மாமீது சினந்துவிட்டு, குசினிக்குள் நின்று அழுகின்றேன். ஒரு கிழமையாவது அவரை வேறொருவரிடம் விட நினைப்பது பாவமா?
– சகோதரி ஒருவர், கல்வியங்காடு

பதில்: பாவமில்லை, சகோதரி. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து ஒருவரைப் புரட்டிப் படுக்கவைப்பவருக்கு, நான்காம் ஆண்டிலும் சினம் வராதிருந்தால்தான் நான் வியந்திருப்பேன்.

பராமரிப்பவர் இளைப்பாறுவதற்காகச் சில மணித்தியாலமோ சில நாட்களோ நோயாளியை இன்னொருவர் பொறுப்பேற்பதற்கு, உங்கள் தமையன்மார் வாழும் நாட்டில் தனி ஏற்பாடுகளே உண்டு. நம்மூரில் அது பெயரில்லாமல் நடந்தது: சின்னம்மா வந்து பத்து நாள் நிற்பார். இப்போது சின்னம்மாவும் டொரன்டோவில் பேரப்பிள்ளை பார்க்கிறார்.

கைதடியிலுள்ள அரச முதியோர் இல்லம் போன்றவை ஆதரவற்று நிரந்தரமாகத் தங்குவோரை முன்னிட்டு அமைந்தவை. தனியார் இல்லத்தை நாடுவதாயின், படுக்கையிலிருப்பவரைக் குறுகிய காலத்துக்கு ஏற்பார்களா, இரவில் யார் விழித்திருப்பார் என்பவற்றை நேரிற் சென்று கேளுங்கள். பகலில் போவதைவிட, இருட்டியபின் போய்ப் பார்ப்பது நல்லது. ஆயினும் முதலில் வீட்டிலேயே, மணிக்கணக்கிற் தொடங்குவதே உசிதம் என்பது என் எண்ணம்.

தமையன்மாரிடம் ‘கஷ்டமாயிருக்கிறது’ என்றால் ஆறுதல் வார்த்தைதான் வரும். செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் மூன்று மணி முதல் ஏழு மணி வரை நிற்க ஓர் ஆளுக்குச் சம்பளம் வேண்டுமென்று தொகையோடு சொல்லுங்கள். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பெற்றோரைப் பார்க்கும் கடமை பிள்ளைகளுடையது என்றே பொதுவாகச் சொல்கிறது. மகள் என்று பிரித்துச் சொல்லவில்லை. ஆளைத் தேடுவதற்குக் கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரையும் விசாரியுங்கள்.

வருபவருக்காக ஒரு கொப்பி எழுதி வையுங்கள். எந்தக் குளிசை எத்தனை மணிக்கு என்பதோடு, வலக்கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு விலகக்கூடும், நிமிர்த்தி இருத்தியே சாப்பாடு கொடுக்கவேண்டும், கொடுத்தபின் அரை மணித்தியாலம் படுக்கவிடக்கூடாது, குதிக்காலிலும் நாரியின் கீழும் தோல் சிவந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும் என்பவையும் அதிலிருக்கட்டும். எந்தத் தேவாரம் கேட்டால் அம்மா அமைதியடைவார் என்பதையும் மறவாமல் எழுதுங்கள். அதை மருத்துவர் எவரும் எழுதித் தரமாட்டார்.

முதல் இரண்டு தடவையும் நீங்கள் அடுத்த அறையிலேயே இருங்கள். அம்மாவும் புதிய கைக்குப் பழகவேண்டும். மூன்றாம் தடவை படலையைத் தாண்டுங்கள். ஒரு கிழமை என்பது இது இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக நடந்தபின் யோசிக்கவேண்டியது. கிளினிக் செல்லும் நாளில் உங்கள் நித்திரையின்மையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முதல் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல், பக்கத்து வீட்டு விறாந்தையிற் பாய் விரித்து நான்கு மணித்தியாலமும் நித்திரை கொண்டீர்களாயினும் முருகன் கோபிக்கமாட்டார்.