அந்த வசனத்தை எந்தப் பக்கம் எழுதுவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. இயேசு கடவுளா, மனிதரா? இரண்டும் என்றால் அது எப்படி? ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 'இயேசு கடவுள்' என்பதே கி.பி. 325-இல் நிசேயா சங்கத்தில் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்ததுதான் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பதில்: இல்லை. நிசேயாவுக்கு இருநூறு வருடம் முன்பே, கி.பி. 112 வாக்கில், பித்தினியாவின் ரோமானிய ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவர்களைப் பிடித்து விசாரித்தபோது தெரிந்ததை எழுதுகிறார்: குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள். பிளினி கிறிஸ்தவர் இல்லை. நம் பக்கம் சாய்ந்து பேச அவருக்கு ஒரு காரணமும் இல்லை. நிசேயா நகரமும் அதே பித்தினியாவில்தான் இருந்தது.

நிசேயாவில் ஆயர்கள் கூடிய சங்கத்தில் நடந்த வழக்கு வேறு. அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்த ஆரியஸ், இயேசுவை வெறும் மனிதர் என்று சொன்னவர் இல்லை. பலர் இங்கேதான் தவறிப்போகிறார்கள். உலகம் உண்டாகுமுன்பே குமாரன் இருந்தார், அவர் வழியாகவே எல்லாம் படைக்கப்பட்டது என்று ஆரியஸும் நம்பினார். ஆனால் அந்தக் குமாரனும் ஒரு படைப்புதான், எல்லாப் படைப்புகளுக்கும் தலையான படைப்பு என்றார். "அவர் இல்லாதிருந்தது உண்டு" என்பது அவர் தரப்பின் முழக்கம். "சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்" என்ற கொலோசெயர் வசனம் அவர்களுக்குக் கைகொடுத்தது. அதற்கு மறுப்பாகத்தான் சங்கம் 'பிறந்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்ல. பிதாவோடு ஒரே பொருளானவர்' என்று எழுதி வைத்தது. கடைசிவரை ஆரியஸோடு நின்று கையெழுத்துப் போட மறுத்த ஆயர்கள் இரண்டே பேர்.

சக்கரவர்த்தியின் முடிவு என்று சொல்பவர்கள் அடுத்த ஐம்பது வருடத்தைப் படிப்பதில்லை. நாடு கடத்தப்பட்ட ஆரியஸைத் திரும்ப அழைத்தவர் இதே கான்ஸ்டன்டைன். நிசேயாவுக்காக வாதாடிய அத்தனாசியஸை 335-இல் ட்ரியர் நகரத்துக்கு நாடு கடத்தியவரும் அவர்தான். 337-இல் மரணப் படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த நிக்கொமேதியா யூசேபியஸ், ஆரியஸின் ஆதரவாளர். அப்பாவுக்குப் பின் வந்த கான்ஸ்டான்டியஸ் நிசேயாவை வெளிப்படையாகவே எதிர்த்தார். அத்தனாசியஸ் ஆயராக இருந்த 45 வருடங்களில் ஏறத்தாழ 17 வருடங்கள் நாடு கடத்தப்பட்டவராகக் கழிந்தன, அதுவும் ஐந்து முறை. அரண்மனையின் விருப்பம்போல நடந்திருந்தால் ஆரியஸின் பக்கம்தான் ஜெயித்திருக்கும். 381-இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தில் நிசேயா விசுவாசம் நிலைபெற்றபோது தியோடோசியஸ் சக்கரவர்த்தியின் ஆதரவு அதற்கு இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதுவரை அதைச் சுமந்து வந்தவர்கள் துரத்தப்பட்டவர்கள். உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: "அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்... குமாரனும் அறியார்" என்று மாற்கு 13:32-இல் இயேசுவே சொல்கிறார். கடவுளுக்குத் தெரியாதது என்று ஒன்று உண்டா?

பதில்: முப்பது வருடத்துக்கு மேல் இறையியல் மாணவர்களுக்குத் திருச்சபை வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். ஆரம்பத்தில் இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு சுலபமான வழி இருந்தது. கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழிப்பேன். இடப்பக்கம் 'கடவுளாக', வலப்பக்கம் 'மனிதராக'. பசித்தது, தாகமெடுத்தது, படகில் தலையணை வைத்துத் தூங்கியது, எல்லாம் வலப்பக்கம். அப்பத்தைப் பெருக்கியது, காற்றை அதட்டியது, பாவத்தை மன்னித்தது, இதெல்லாம் இடப்பக்கம். 'குமாரனும் அறியார்' என்பதை வலப்பக்கம் எழுதிவிட்டால் கேள்வி தீர்ந்தது.

ஒரு வருடம் அப்படி எழுதிக்கொண்டே லாசருவின் கல்லறைக்கு வந்தோம். "இயேசு கண்ணீர் விட்டார்" என்பதை வலப்பக்கம் எழுதினேன். "லாசருவே, வெளியே வா" இடப்பக்கம் போனது. முன்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். பத்து நாள் முன்புதான் தன் தம்பியை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியிருந்தாள். "அப்படியானால் கடவுள் அழவில்லையா ஐயா?" என்று கேட்டாள். மடக்குவதற்காகக் கேட்டதில்லை, அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. எனக்குப் பதில் வரவில்லை. மணி அடிக்கும்வரை சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று இரவு, 449-இல் போப் லியோ கான்ஸ்டான்டிநோபிள் ஆயர் ஃபிளேவியனுக்கு எழுதிய கடிதத்தை எடுத்தேன். இறந்த நண்பனுக்காக இரக்கத்தோடு அழுவதும், அதே நண்பனைக் கட்டளையிட்டு உயிரோடு எழுப்புவதும் ஒரே இயல்புக்கு உரியவை அல்ல என்று அதில் எழுதியிருக்கிறார். அதே லாசரு, அதே கோடு! நான் கிழித்த கோட்டுக்கு வம்சாவளி இருந்தது. ஆனால் அதே கடிதத்தில், கடவுளின் குமாரனும் மனுஷகுமாரனும் ஒருவரேதான் என்று லியோ விடாமல் சொல்கிறார். என் பலகையில் அந்த வரி மட்டும் இல்லை. லியோவுக்கு ஏறத்தாழ இருபது வருடம் முன்பு அலெக்சாந்திரியா ஆயர் சிரில், நற்செய்தியின் வார்த்தைகளை இரண்டு ஆட்களுக்குப் பங்குபோட்டுக் கொடுப்பவனைக் கடுமையாகக் கண்டித்திருந்தார். நான் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுவதுபோல வசனங்களை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றுதான் உறைத்தது.

மறுநாள் கோடு போடவில்லை. பலகையின் மேலே 'இயேசு' என்று ஒரே ஒருமுறை எழுதிவிட்டு, அழுததையும் எழுப்பியதையும் அதற்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக எழுதினேன். அந்த மாணவியிடம், "அழுதவர் கடவுளின் குமாரன்தான் அம்மா. மனிதக் கண்களால் அழுதார்" என்றேன்.

இப்போது உங்கள் வசனம். அறியாதிருந்தவர் யார்? குமாரன், வேறு ஒருவருமில்லை. எந்த வகையில் அறியாதிருந்தார்? மனிதராக. அத்தனாசியஸின் விளக்கம் இந்தப் பக்கம்தான் வருகிறது. அகஸ்டின் வேறு மாதிரி சொன்னார்: அவருக்குத் தெரியும், ஆனால் நமக்கு வெளிப்படுத்தும்படி அறிந்திருக்கவில்லை என்று. அகஸ்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இந்த விளக்கம் வசனத்தைக் கொஞ்சம் வளைக்கிறது என்றே நினைக்கிறேன். "ஞானத்திலும், வளர்த்தியிலும்... விருத்தியடைந்தார்" என்று லூக்கா கூச்சமில்லாமல் எழுதுகிறார். வளர்கிற அறிவு என்றால் இன்னும் எட்டாதது ஒன்று இருந்துதானே ஆகவேண்டும்? மனித மனதை உண்மையாகவே எடுத்துக்கொண்டவர் அதன் எல்லையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்.

கேள்வி: பாதி கடவுள், பாதி மனிதர் என்று புரிந்துகொள்ளலாமா?

பதில்: கூடாது. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவின் ஆயராக இருந்த அப்போலினாரிஸ் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார்: உடல் மனிதருடையது, மனித மனம் இருக்க வேண்டிய இடத்தில் கடவுளின் வார்த்தையான குமாரன் இருந்தார் என்று. நல்லெண்ணத்தோடு சொன்னவர்தான், நிசேயாவின் தீவிர ஆதரவாளரும்கூட. ஆனால் நம்மில் மிகவும் கெட்டுப்போயிருப்பது மனம்தானே! அதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் அது எப்படிக் குணமாகும்? நசியான்ஸின் கிரிகோரி இதை ஒரே வரியில் சொன்னார்: "எடுத்துக்கொள்ளப்படாதது குணமாக்கப்படவில்லை." முழுக் கடவுள், முழு மனிதர். பாதிக்கு இங்கே இடமில்லை.

கேள்வி: என் தோழி சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவள். அவர்கள் இயேசுவுக்கு 'ஒரே இயல்பு' என்கிறார்கள். அப்படியானால் அவருடைய மனிதத்தன்மையை மறுக்கிறார்களா?

பதில்: மறுக்கவில்லை. தயவுசெய்து தோழியிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். 1,500 வருடமாக அவர்கள் மேல் சுமத்தப்பட்டு வரும் பழி அது.

451-இல் கால்செதோன் சங்கம் கூடியபோது, அறிக்கையின் முதல் வரைவில் கிறிஸ்து 'இரண்டு இயல்புகளிலிருந்து' என்று இருந்தது. ரோமிலிருந்து வந்த பிரதிநிதிகள் ஒப்பவில்லை. 'இரண்டு இயல்புகளில்' என்று மாற்றப்பட்டது. தமிழில் பார்த்தால் ஒரு வேற்றுமை உருபுதான் வித்தியாசம், கிரேக்கத்திலும் ஒரு குட்டிச் சொல்தான். ஆனால் சிரிலுக்குப் பின் அலெக்சாந்திரியா ஆயரான தியோஸ்கோரஸ், 'இரண்டிலிருந்து' என்றால் ஏற்கிறேன், 'இரண்டு' என்பதை ஏற்கமாட்டேன் என்று நின்றார். அவர் காதில் 'இரண்டு இயல்புகளில்' என்பது இயேசுவை இரண்டு ஆளாக உடைப்பதுபோல ஒலித்தது. மறுபக்கத்தார் காதில் 'ஒரே இயல்பு' என்பது கடலில் விழுந்த துளிபோல மனிதத்தன்மை கரைந்துபோவதாக ஒலித்தது. அப்படிக் கரைத்துவிட்டார் என்று பெயர் வாங்கிய யூத்திக்கஸை உங்கள் தோழியின் சபையும் கண்டித்தே வந்திருக்கிறது.

'இயல்பு' என்ற சொல்லையே இரண்டு தரப்பும் வேறு வேறு பொருளில் பயன்படுத்தின. சிரிலுக்கு அது ஏறக்குறைய உயிரோடு நிற்கிற ஒரு ஆளைக் குறித்தது. 'மாம்சமான கடவுள் வார்த்தையின் ஒரே இயல்பு' என்ற வாசகத்தை அவர் மிகவும் மதித்தார். அது அத்தனாசியஸ் எழுதியது என்று நம்பியே மதித்தார். உண்மையில் அது அப்போலினாரிஸின் எழுத்து, வேறு பெயரில் சுற்றிக்கொண்டிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். இருந்தாலும் சிரில் அந்த வாசகத்துக்குக் கொடுத்த அர்த்தம் சரியானதுதான்.

கால்செதோன் இறுதியில் நான்கு சொற்களை வைத்தது: கலக்காமல், மாறாமல், பிரியாமல், விலகாமல். நான்கும் எதிர்மறை. எப்படி இணைந்தன என்று விளக்க முயலவே இல்லை, எப்படி இல்லை என்று மட்டும் நான்கு பக்கமும் வேலி போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். நான் அந்தச் சங்கத்தில் மிகவும் மதிப்பது இந்த நிறுத்தத்தைத்தான்.

1973-இல் போப் ஆறாம் பவுலும், உங்கள் தோழியின் சபையைப் போலவே கால்செதோனை ஏற்காத எகிப்தின் காப்டிக் சபையின் தலைவர் மூன்றாம் ஷெனூடாவும் சேர்ந்து, இயேசு தம் இறைத்தன்மையில் முழுக் கடவுள், மனிதத்தன்மையில் முழு மனிதர் என்று ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1994-இல் இதேபோல அசீரியக் கிழக்குத் திருச்சபையோடும் ஓர் அறிக்கை வந்தது. இயேசுவை இரண்டு ஆளாகப் பிரித்தார் என்று கண்டிக்கப்பட்ட கான்ஸ்டான்டிநோபிள் ஆயர் நெஸ்டோரியஸின் சபை என்று எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்த சபை அது. மரியாளை 'கடவுளின் தாய்' என்பதும் 'நம் கடவுளும் மீட்பருமான கிறிஸ்துவின் தாய்' என்பதும் ஒரே விசுவாசத்தின் இரண்டு சொல்முறைகள் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். நெஸ்டோரியஸைக் கண்டித்த 431-ஆம் ஆண்டு எபேசு சங்கத்தில், அவர் பக்கம் நின்ற அந்தியோக்கியா ஆயர்கள் வந்து சேர நான்கு நாள்கூடப் பொறுக்காமல் சிரில் கூட்டத்தைத் தொடங்கியதை நினைத்துப் பாருங்கள். அன்றைக்குப் பொறுத்திருக்கலாம்.

கேள்வி: கெத்செமனேயில் "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்று ஜெபித்தார். தன் சித்தத்துக்கு எதிராகத் தானே ஜெபிப்பாரா?

பதில்: ஏழாம் நூற்றாண்டில் இந்த ஒரு ஜெபத்துக்காக ஒரு மனிதர் நாக்கை இழந்தார். கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்தான் என்று சொல்லிவிட்டால் பிரிந்துபோன சபைகளைச் சேர்த்துவிடலாம் என்று அரசாங்கம் கணக்குப் போட்டது. மாக்சிமஸ் என்ற துறவி அசையவில்லை. மரணத்தைக் கண்டு கூசுகிற மனித சித்தம் இயேசுவுக்கு உண்மையாகவே இருந்தது, அந்தச் சித்தத்தாலேயே அவர் பிதாவுக்கு 'ஆம்' சொன்னார் என்றார். 662-இல் அவருடைய நாக்கையும் வலது கையையும் வெட்டி, கருங்கடலின் கிழக்குக் கரைப் பக்கம் லாசிக்காவுக்கு அனுப்பினார்கள். அந்த வருடமே இறந்துபோனார். 681-இல் முடிந்த சங்கம் அவர் சொன்னதையே ஏற்றுக்கொண்டது. மனிதர்கள் எல்லோருக்காகவும் மனித சித்தத்தோடு ஒருவர் கீழ்ப்படிய வேண்டியிருந்தது, அதைத்தான் அந்தத் தோட்டத்தில் பார்க்கிறோம்.

கேள்வி: என் மனைவி மூன்று மாதம் வலியில் கிடந்து இறந்தாள். சிலுவையில் வலித்தது இயேசுவின் மனித இயல்புக்கு மட்டும்தான், கடவுளுக்கு வலியே இல்லை என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். அதற்குப் பிறகு ஜெபிக்க முடியவில்லை.

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

அந்தப் புத்தகம் பாதியில் நிறுத்திவிட்டது. இறைத்தன்மை என்பது காயப்படுத்தவோ அழிக்கவோ முடியாதது, அதுவரை சரி. ஆனால் இயல்பு தனியாகப் போய்ச் சிலுவையில் தொங்குவதில்லை, ஒரு ஆள்தான் தொங்குகிறார். ஆணி அறையப்பட்டவர் யார் என்று கேட்டால் திருச்சபைக்கு ஒரே பதில்தான் உண்டு: கடவுளின் குமாரன். கடவுளின் வார்த்தையானவர் தம் மாம்சத்தில் பாடுபட்டார் என்று ஒப்புக்கொள்ளாதவனைச் சிரில் கண்டித்தார். 553-இல் கூடிய சங்கம், மாம்சத்தில் சிலுவையில் அறையப்பட்டவர் திரித்துவத்தில் ஒருவர் என்று வெளிப்படையாகவே எழுதியது. வலிக்க முடியாதவர், வலிக்கக்கூடிய உடலையும் மனதையும் தம்முடையதாக்கிக்கொண்டு, அந்த வலியைத் தம்முடைய வலியாகவே அனுபவித்தார். உங்கள் மனைவி பட்ட வலி அவருக்குக் கேள்விப்பட்ட விஷயம் இல்லை.

ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்றால் புதிதாகத் தேட வேண்டாம். "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அவரும் அந்த நேரத்தில் சொந்த வார்த்தை தேடவில்லை, அதைத்தான் சொன்னார். நீங்களும் அதையே சொல்லலாம், கோபத்தோடு சொன்னாலும் பரவாயில்லை.

கடைசிப் பக்கத்தில் மனைவியின் பெயரோடு கேட்டிருந்த மற்றக் கேள்விக்கு இந்த வாரமே உங்கள் முகவரிக்குத் தனியாக எழுதுகிறேன்.