கிராம் போடாதீர்கள்: ஒப்பு மூலக்கூறு நிறை, கேள்வி பதில்

கேள்வி: நீரின் ஒப்பு மூலக்கூறு நிறை 18. எதில் 18?
பதில்: 18 மடங்கு. கார்பன்-12 அணு ஒன்றின் நிறையைப் பன்னிரண்டு பங்காக்குங்கள். அதில் ஒரு பங்கைப் போல நீர் மூலக்கூறு ஏறத்தாழ 18 மடங்கு. நிறையை நிறையால் வகுப்பதால் அலகு அடிபட்டுப் போகிறது. கிராம் போடாதீர்கள்.

கேள்வி: கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு, அதாவது Ca(OH)₂-க்கு, 58 வருகிறது, விடை 74 என்கிறார்கள்.
பதில்: அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் 2 ஆக்சிஜனுக்கும் சேர்த்துத்தான். 40 + 2 × (16 + 1) = 74. ஆண்டுதோறும் மதிப்பெண்ணைத் தின்னும் இடம் இது.

கேள்வி: மயில்துத்தத்தில் (CuSO₄·5H₂O) புள்ளிக்குப் பின் வரும் ஐந்து நீரைப் பெருக்கவேண்டுமா?
பதில்: கூட்டவேண்டும். 159.5 + 90 = 249.5.

கேள்வி: ஹைட்ரஜன் இருக்கும்போது அளவுகோலாகக் கார்பன் எதற்கு?
பதில்: நல்ல கேள்வி. தொடக்கத்தில் ஹைட்ரஜனைத்தான் 1 என்று வைத்தார்கள். பல தனிமங்கள் ஆக்சிஜனோடு எளிதில் சேர்வதால், பின்னர் ஆக்சிஜன் 16 அளவுகோலாயிற்று. 1929இல் ஆக்சிஜனுக்குக் கனமான ஐசோடோப்புகள் (அதே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்கள்) இருப்பது தெரிந்தது. வேதியியலார் இயற்கைக் கலவையை 16 என்றார்கள். இயற்பியலார் ஆக்சிஜன்-16ஐ மட்டும் 16 என்றார்கள். ஒரே தனிமத்துக்கு இரண்டு எண்கள்! 1961இல் கார்பன்-12 இருவரையும் சேர்த்துவைத்தது. வேதியியலாரின் பழைய எண்கள் லட்சத்தில் ஐந்து பங்குகூட மாறவில்லை. அதனால்தான் அவர்கள் இணங்கினார்கள்.

கேள்வி: 18 கிராம் என்று எழுதலாமா?
பதில்: முதல் பதிலைப் படியுங்கள். 18 கிராம் என்பது ஒரு மோல் நீரின், அதாவது ஏறத்தாழ 6.022 × 10²³ நீர் மூலக்கூறுகளின், நிறை.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து): ஐயா, அது 'சார் மூலக்கூற்றுத் திணிவு'. நிறை என்பது புவி இழுக்கும் விசை. நீங்கள் எழுதுவது பிழை.
பதில்: பிழையன்று. உங்கள் திணிவு தமிழ்நாட்டில் நிறை. உங்கள் நிறை இங்கே எடை.

குறுக்கீடு (மதுரையிலிருந்து): திணிவு என்றால் அடர்த்தி என்றல்லவா தோன்றும்?
பதில்: அடர்த்திக்கு அவர்களும் அடர்த்தி என்றே எழுதுகிறார்கள்.

மீண்டும் யாழ்ப்பாணம்: அப்படியானால் எந்தச் சொல் சரி?
பதில்: இரண்டும் தமிழ், இரண்டும் சரி. ஒரே விடைத்தாளில் இரண்டையும் கலப்பதுதான் ஆபத்து. அங்கே 'நிறை' இரு பொருள் தந்துவிடும். எந்த நாட்டுத் தேர்வோ அந்த நாட்டுச் சொல்லை எழுதுங்கள்.

கேள்வி: சோடியம் குளோரைடின் மூலக்கூறு நிறை 58.5 கிராம்தானே?
பதில்: சமையல் உப்பில் மூலக்கூறே கிடையாது, அயனிகளின் அடுக்குதான். ஆகவே ஒப்பு வாய்பாட்டு நிறை என்று சொல்லுங்கள். 58.5 சரி. கிராமை அடித்துவிடுங்கள்.