பச்சைப் புள்ளி இருந்தால் பால் இல்லை என்று அர்த்தமா?

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் பால் முதலாக விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத 'வீகன்' காப்பிக் கடைகளைப் பற்றிச் சில மாதங்களாகவே கேள்விகள் வருகின்றன. உள்ளே நுழைந்ததும் விசாரிப்பு, சுவர் முழுக்க உள்ளூர்க்காரர்கள் வரைந்த படங்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுந்திரு என்று சொல்லாத முதலாளி. எனக்கும் அப்படிப்பட்ட இடங்கள் பிடிக்கும். பிடித்த கடையிலும் பில்லைப் பார்த்துத்தான் பணம் கொடுப்பேன்.

கேள்வி: என் பேரனுக்கு ஐந்து வயது. பால் பட்டாலே உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்துவிடும். எங்கள் தெருவில் வீகன் காப்பிக் கடை வந்ததும் நிம்மதியாக அழைத்துப்போனேன். அவனுக்கு வண்ணக் குச்சி கொடுத்து வரையச் சொன்னார்கள், அவ்வளவு அன்பு. அங்கே வாங்கிய பிஸ்கட் பொட்டலத்தை வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் பால் பவுடர் சேர்ந்திருக்கிறது. முன்பக்கம் பச்சைப் புள்ளி! இது ஏமாற்று வேலைதானே?
— வாசகி, குன்னூர்

பதில்: ஏமாற்று என்று நான் உடனே சொல்ல மாட்டேன். பச்சைப் புள்ளியை நீங்கள் புரிந்துகொண்டபடியே கடைக்காரரும் புரிந்துகொண்டிருக்கலாம். அந்தப் புள்ளி சைவத்துக்கு உரியது. நம் சட்டம் சொல்லும் சைவத்தில் பாலும் தேனும் அடக்கம். நெய் சொட்டும் மைசூர்பாகுக்கும் அதே பச்சைப் புள்ளிதான்.

வீகன் உணவுக்கு (நனிசைவம் என்று தமிழில் சொல்கிறவர்களும் உண்டு) தனி விதிமுறை 2022-ல் வந்தது. தனி முத்திரையும் வந்தது. பச்சை நிறத்தில் ஆங்கில 'வி' எழுத்தும் ஒரு சின்னத் தளிரும் இருக்கும். பொட்டலத்தில் தேட வேண்டியது அதைத்தான். 'முட்டையில்லாத கேக்' என்ற பலகையை நம்பாதீர்கள். முட்டை போன இடத்தில் பெரும்பாலும் வெண்ணெயோ கெட்டிப் பாலோ உட்கார்ந்திருக்கும். இன்னொரு கள்ளன், 'நான்-டெய்ரி' என்று பெயர் போட்டு வரும் காப்பி கிரீமர். சேர்மானப் பட்டியலின் நடுவில் 'சோடியம் கேசினேட்' என்று இருக்கிறதா பாருங்கள். கேசின் என்பது பாலின் புரதம். உங்கள் பேரனுக்கு ஆகாதது அதுவாகவே இருக்கலாம்.

பால், முட்டை, சோயா, வேர்க்கடலை, முந்திரி, பாதாம் போன்ற ஒவ்வாமைப் பொருள்கள் சேர்ந்திருந்தால் பொட்டலத்தில் அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். சேர்மானப் பட்டியலுக்குக் கீழே கண்ணாடி போட்டுத் தேடினால் அகப்படும். தட்டில் வைத்துத் தரும் பண்டங்களின் கதை வேறு. ஒவ்வாமை விவரத்தை உணவுப் பட்டியலில் போடும் கடமை மத்திய உரிமம் பெற்ற, அல்லது பத்துக் கிளைகளோ அதற்கு மேலோ வைத்திருக்கும் பெரிய உணவகங்களுக்குத்தான். தெருமுனைக் கடைக்கு இல்லை. அங்கே வாயால்தான் கேட்க வேண்டும். "இது வீகனா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "கேக் எங்கே செய்கிறீர்கள்? அந்த அடுப்படியில் வெண்ணெய் புழங்குமா? நுரை ஊதும் குழாயில் மாட்டுப்பாலும் ஊதுவதுண்டா?" என்று கேளுங்கள். வீகன் என்பது கொள்கை. கொள்கையில் ஒரு துளி தவறினால் மனம்தான் வருந்தும்; ஒவ்வாமையில் ஒரு துளி தவறினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பொட்டலத்தையும் பில்லையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்க் காட்டுங்கள். நாளைக்கும் முகம் பார்க்க வேண்டிய தெரு. வீகன் என்று சொல்லித்தான் விற்றார்கள், இப்போது பணமும் தர மாட்டேன் என்கிறார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கேள்வி: கடையில் சோயா காப்பி அருமையாக இருக்கிறது. வீட்டில் போட்டால் தயிர் போலத் திரிகிறது. தூள் தாண்டிக்குடித் தோட்டத்து அராபிகா என்று சொல்லி வாங்கியதுதான். குற்றம் தூளிலா, பாலிலா?
— வாசகர், கொடைக்கானல்

பதில்: இரண்டிலும் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. காப்பியில் புளிப்பு உண்டு. கொதிக்கும் டிகாக்‌ஷனின் சூடும் அந்தப் புளிப்பும் சேர்ந்து தாக்கினால் சோயாப் புரதம் கட்டிப்படும். டிகாக்‌ஷனைச் சற்று ஆறவிடுங்கள். சோயாவைக் கொதிக்கவிடாமல் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். டம்ளரில் முதலில் சோயா, பிறகு டிகாக்‌ஷன், கம்பி போல மெல்ல. நான் மூன்று டம்ளர் கொட்டிவிட்டுக் கற்றுக்கொண்டது இது. கடைகளில் காப்பிக்கென்றே செய்த 'பாரிஸ்டா' வகைச் சோயாப் பொட்டலம் வாங்குவார்கள். புளிப்பைத் தாங்கும் உப்பு அதில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும்.

பொட்டலத்தில் 'சோயா பானம்' என்று இருப்பதைப் பார்த்துப் போலி என்று பயப்படாதீர்கள். தாவரப் பானங்களுக்குப் பால் என்று பெயர் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் கண்டித்துவிட்டது. தேங்காய்ப்பாலுக்கு மட்டும் விலக்கு. நம் பாட்டிமார் தப்பித்தார்கள். இரண்டாம் பிழிவுத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு ஒருநாள் குடித்துப் பாருங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டாலும் சரி, எனக்கு அதுதான் உசத்தி.

தூளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்தின் பெயர் பெரிதாகவும் 'காப்பி–சிக்கரி கலவை' என்பது பொடி எழுத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். கலவையில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும். விகிதத்தையும் அச்சிட வேண்டும். சிக்கரி கலந்தது குற்றமில்லை, பலருக்கு அந்தக் கசப்புதான் காப்பி. ஆனால் அராபிகா விலைக்குப் பாதிச் சிக்கரி வாங்குவானேன்?

கேள்வி: சொந்த டம்ளர் கொண்டுபோனால் விலையைக் குறைக்க வேண்டும் என்று சட்டம் உண்டா?
— வாசகர், ஊட்டி

பதில்: இல்லை. ஆனாலும் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே தடை.

கேள்வி: இரண்டு காப்பி, ஒரு கேக். பில்லில் 'உள்ளூர்க் கலைஞர்கள் ஆதரவு – 30 ரூபாய்' என்று சேர்த்திருந்தார்கள். நல்ல காரியம்தானே என்று கொடுத்துவிட்டேன். கேட்காமல் சேர்க்கலாமா?
— வாசகி, கோத்தகிரி

பதில்: சேர்க்கக் கூடாது என்பதே என் கருத்து. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் ஏற்றக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. முப்பது ரூபாயை எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எடுத்துவிட்டு, அதே முப்பதை கல்லாப்பெட்டி அருகில் ஓர் உண்டியலில் போடச் சொன்னால் நானும் போடுவேன். யாருக்குப் போகிறது என்று உண்டியலில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: சோலைக் காடுகளை வரைகிறேன். ஒரு காப்பிக் கடையில் என் படங்கள் ஆறு மாதமாகத் தொங்குகின்றன. விற்றால் நூற்றுக்கு முப்பது கடைக்கு என்பது வாய்ப்பேச்சு. போன வாரம் என் படம் ஒன்று அவர்கள் விற்கும் கோப்பையில் அச்சாகியிருந்தது. 'விளம்பரம்தானே, உனக்கும் நல்லது' என்கிறார்கள். அன்பானவர்கள், சண்டை போட மனமில்லை.
— ஓவியர், கோத்தகிரி

பதில்: சண்டை வேண்டாம், தாள் வேண்டும். படத்தை விற்றாலே பதிப்புரிமை கைமாறிவிடாது. உங்கள் படமோ சுவரில்தான் தொங்குகிறது, விற்கக்கூட இல்லை. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமை உங்கள் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் உண்டு. அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் கையெழுத்து வேண்டும். கோப்பையில் அச்சிட வேண்டுமா? கோப்பைக்கு இவ்வளவு என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே விற்றதற்கும் கணக்குக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

அதே தாளில் ஒவ்வொரு படத்தின் பெயர், அளவு, விலை, விற்ற எத்தனை நாளில் பணம் என்பதெல்லாம் வரட்டும். சேதமானால் யார் பொறுப்பு என்பதும் வேண்டும். உங்கள் ஊருக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் அதிகம். அதற்கு முன் ஒருமுறை போய்ப் படங்களைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். காப்பி ஆவி படும் சுவரில் மாட்டியிருந்தால், முன்பக்கம் சோலை பச்சையாக இருக்கும்போதே பின்பக்கம் பூஞ்சணம் பூத்திருக்கும்.