மின்தடை, மின்வெட்டு, மின்கசிவு: மின் வழங்கல் கலைச்சொற்கள் குறித்துக் கேள்வி பதில்

மின் வழங்கலிலும் மின்கட்டமைப்பிலும் புழங்கும் சொற்களைப் பற்றி வந்த கேள்விகளில், ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, திறன், ஆற்றல் ஆகிய இரண்டு சொற்களையும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் பயன்படுத்தலாமா?

பேச்சு வழக்கில் ஒருவருடைய திறனை ஆற்றல் என்று சொன்னாலும் பொருள் கெடுவதில்லை, மின்துறையில் கெட்டுவிடும். ஆற்றல் செலவாகும் வேகமே திறன். அதை வாட்டில் அளக்கிறோம். திறனை நேரத்தால் பெருக்கினால் ஆற்றல் கிடைக்கிறது. மின்மானி காட்டும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி. 2 கிலோவாட் வெந்நீர்க் கருவி அரை மணி நேரத்தில் முடித்துவிடும் அந்த ஒரு யூனிட்டை, 10 வாட் விளக்கு 100 மணி நேரம் எரிந்துதான் முடிக்கும். 'ஆண்டுக்கு 500 மெகாவாட் உற்பத்தி' என்று செய்திகளில் வரும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. மெகாவாட்டுக்குள்ளேயே 'நொடி ஒன்றுக்கு' என்பது அடங்கியிருப்பதால், அதன் முன்னால் 'ஆண்டுக்கு' என்று சேர்ப்பதில் பொருளில்லை.

கேள்வி: 100 மெகாவாட் சூரிய மின்நிலையம் நாளொன்றுக்கு 2,400 மெகாவாட்-மணி தர வேண்டும் அல்லவா?

100 மெகாவாட் என்பது நிறுவுதிறன், அதாவது நிலையம் தரக்கூடிய உச்சம். இரவும் மேகமும் போக அது அன்றைக்கு 480 மெகாவாட்-மணிதான் தந்தது என்றால், அதன் திறன் பயன்பாட்டுக் காரணி 20 விழுக்காடு.

கேள்வி: மின்மாற்றியின் பெயர்ப்பலகையில் கிலோவாட் இல்லாமல் கே.வி.ஏ. என்று எழுதியிருப்பது ஏன்? 'ரியாக்டிவ் பவர்' என்பதைத் தமிழில் எப்படிப் புரிந்துகொள்வது?

இரண்டும் ஒரே கேள்விதான். மாறுதிசை மின்சாரத்தில் இயங்கும் மோட்டாரின் கம்பிச்சுருள், ஒவ்வொரு சுழற்சியிலும் காந்தப்புலத்தை எழுப்ப ஆற்றலை வாங்கி, புலம் அடங்கும்போது அதைக் கம்பி வழியே திருப்பி அனுப்புகிறது. இப்படிப் போய்வரும் பங்கை எதிர்வினைத் திறன் என்கிறோம். அது தண்டைச் சுழற்றும் வேலை எதையும் செய்வதில்லை என்றாலும், அது இல்லாமல் மோட்டார் சுழலவே சுழலாது. ஆகவே அதை 'வீண் திறன்' என்று மொழிபெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. இந்தப் போக்குவரத்துக்கான மின்னோட்டத்தையும் கம்பியும் மின்மாற்றியும் சுமந்தாக வேண்டும், சுமப்பதால் சூடாக வேண்டும். செம்புச் சுருளுக்குத் தன் வழியே போகும் ஆம்பியர் பயனுள்ளதா, வெறுமனே போய்வருவதா என்று தெரியாது. ஆகவேதான் மின்மாற்றியின் வரம்பை வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிக் கே.வி.ஏ.யில் குறிக்கிறார்கள். கே.வி.ஏ.யில் உண்மையில் வேலை செய்யும் பங்கான திறன் காரணி 0.8 என்றால், 100 கே.வி.ஏ. மின்மாற்றி 80 கிலோவாட் கொடுக்கும்போதே நிறைந்துவிடும். மோட்டாருக்கு அருகில் மின்தேக்கியைப் பொருத்தினால் போய்வரும் பங்கு அவ்விரண்டுக்குள்ளேயே முடிந்துவிடுவதால், அதே மின்மாற்றியில் இடம் கிடைக்கிறது.

கேள்வி: 'மின்கசிவால் தீ விபத்து' என்று செய்தித்தாள்களில் படிக்கிறோம். மின்கசிவும் ஷார்ட் சர்க்யூட்டும் ஒன்றுதானா?

அல்ல. இரு கடத்திகள் தடை ஏதுமின்றித் தொட்டுக்கொள்வது குறுக்குச்சுற்று. மின்னோட்டம் வழக்கத்தைவிடப் பன்மடங்காகப் பாய, சுற்று முறிப்பான் நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். காப்பு நைந்து, மில்லிஆம்பியர் அளவிலான மின்னோட்டம் உலோக உறை வழியாகவோ மனித உடல் வழியாகவோ நிலத்துக்கு இறங்குவது மின்கசிவு. சாதாரண முறிப்பானுக்கு அது தெரியவே தெரியாது. போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிடும் தனிக்கருவி ஒன்றே, வேறுபாடு 30 மில்லிஆம்பியரை எட்டுவதற்குள் அதைப் பிடிக்கும்.

இவை இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றும் உண்டு. திருகு தளர்ந்த இணைப்பில் மின்னோட்டம் வரம்புக்குள்ளேயே இருக்கும், நிலத்துக்கும் கசியாது. ஆனால் அந்த ஒரு புள்ளி மட்டும் நாள்கணக்கில் சூடேறி, சுற்றியுள்ள வெள்ளை நெகிழி முதலில் மஞ்சளாகி, பின் பழுப்பேறி, ஒருநாள் பற்றிக்கொள்ளும். மேற்சொன்ன இரு கருவிகளுமே இதைக் கண்டுகொள்ளா. ஒரே சொல்லில் மூன்றையும் அடக்கினால், எதைச் சரிபார்த்திருக்க வேண்டும் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகிறது.

கேள்வி: மின்தடைக்கும் மின்வெட்டுக்கும் என்ன வேறுபாடு?

'மின்தடை' இரட்டை வேலை பார்க்கும் சொல்: பாடநூலில் அது ஓமில் அளக்கப்படும் பண்பு, அறிவிப்புகளில் மின்சாரம் இல்லாமை. பின்னதற்கு 'மின்நிறுத்தம்' என்று எழுதினால் குழப்பம் தீரும். மின்வெட்டு என்பது பற்றாக்குறையின்போது தெரிந்தே நிறுத்துவது. அதையே கட்டமைப்பைக் காப்பாற்றும் நோக்கில் செய்யும்போது சுமைக்குறைப்பு என்கிறோம்.

கேள்வி: சில இடங்களை இருளாக்கினால் கட்டமைப்பு எப்படிக் காப்பாற்றப்படும்?

கட்டமைப்பில் உற்பத்தியும் செலவும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். செலவு மிஞ்சினால், குறைகின்ற ஆற்றல் முதலில் சுழன்றுகொண்டிருக்கும் மின்னாக்கிகளின் இயக்க ஆற்றலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது; சுழற்சி சட்டென்று தளராமல் தாங்கும் இந்தப் பண்பைத்தான் நிலைமம் என்கிறோம். 50 ஹெர்ட்ஸ் கட்டமைப்பில் இருமுனை மின்னாக்கி நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கிறது. அந்த வேகம் தளர்ந்தால் அதிர்வெண்ணும் இறங்கும். மிகவும் இறங்கினால் சுழலிகள் தம்மைக் காத்துக்கொள்ள விலகிக்கொள்ளும், எஞ்சியவற்றின் மீது பாரம் இன்னும் ஏறும். அந்தச் சரிவு தொடங்குமுன், குறித்த அதிர்வெண்ணை எட்டியதுமே உணர்த்திகள் சில வழித்தடங்களைத் தாமாகவே வெட்டிவிடுகின்றன.

சங்கிலியாக வீழ்வதற்கு 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவில் நேர்ந்தது நல்ல சான்று. பாரம் ஏறிய கம்பிகள் சூட்டால் நீண்டு தொய்ந்து, கீழே வளர்ந்திருந்த மரங்களை நெருங்கியதால் துண்டிக்கப்பட்டன. அவற்றின் பாரம் பக்கத்துக் கம்பிகளுக்குத் தாவியது. முடிவில் ஏறக்குறைய 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். 'தொய்வு' என்ற எளிய சொல், மின் பொறியாளருக்கு ஏன் அச்சமூட்டுகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

கேள்வி: மின்மாற்றி உறுமுவது அதிக பாரத்தாலா?

பெரும்பாலும் அதனால் அல்ல. காந்தமாகும்போது இரும்பு உள்ளகம் நூலிழையிலும் சிறிய அளவில் நீள்கிறது. புலம் எந்தத் திசையில் இருந்தாலும் அப்படித்தான். எனவே சுழற்சிக்கு இருமுறை அதிர்ந்து, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 100 ஹெர்ட்ஸ் ஒலி எழுகிறது. அந்தப் புலம் பெரிதும் மின்னழுத்தத்தைச் சார்ந்தது. ஆகவே நள்ளிரவில் ஒரு விளக்கும் எரியாதபோதும் அது உறுமிக்கொண்டுதான் இருக்கும். அப்போதும் அது தின்னும் ஆற்றலுக்குப் பெயர், சுமையிலா இழப்பு.