காசிமேட்டு உப்புக்காற்றும் ஒபினெல் கத்தியும்

வணக்கம் நண்பரே. பிரான்சில் வாங்கிய ஒபினெல் 8ஆம் எண் மடக்குக்கத்தி, கார்பன் எஃகு அலகு, காசிமேட்டு வீட்டில் திறக்க வராமல் இறுகிப்போய்த் துருவும் பிடிக்கிறது. ஒருவர் அதற்கு விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் பாக்கெட் கத்தியும் ஒரு அம்ருத் விஸ்கி பாட்டிலும் தருகிறாராம், மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீங்க.

கத்தி கெடவில்லை. பீச் (beech) என்ற மரத்தில் செய்த பிடி ஈரத்தை இழுத்து உப்பியிருக்கிறது, ஐப்பசி மழையில் நம்ம பக்கம் இது சகஜம். பிடியின் கழுத்தில் இருக்கும் பூட்டு வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் அடிமுனையை மேசை விளிம்பில் தட்டுங்கள். அலகு தானாக எட்டிப்பார்க்கும். அப்புறம் சில நாள் நிழலில் உலரவிட்டு, பிடியில் ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள்.

மாங்காய் நறுக்கினால் அலகில் ஏறும் சாம்பல் நிறம் துரு அல்ல, விட்டுவிடலாம். செம்பழுப்புப் புள்ளிகளை மட்டும் மெல்லிய ஸ்டீல் உல்லால் தேய்த்தெடுத்து, துடைத்து, எண்ணெய் பூசி வையுங்கள்.

பாட்டில் பேரம் எனக்குப் பிடிக்கவில்லை. பயணத்தில் ஆசையாக வாங்கியதை நாலு பெக்குக்காகக் கொடுக்காதீங்க. மாற்றியே ஆகணும் என்றால் கத்திக்குக் கத்தி. அந்த விக்டோரினாக்ஸைக் கையில் வாங்கி, அலகு ஆடுகிறதா, அதன் அடியில் பெயர் முத்திரை இருக்கிறதா, கத்தரிக்கோல் ஸ்பிரிங் துள்ளுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.