செற்றியின் மேல் ஒரு போர்வை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் விசுவமடுவில் இருக்கிறேன். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டை இந்த வருடம்தான் முழுதாகப் பூசி, நிறம் அடித்து, ஒரு செற்றியும் (சோபா) வாங்கிப் போட்டோம். சுவிஸில் இருந்து வந்த சித்தி நான்கு போர்வைகள் கொண்டுவந்தார். படுக்கைக்கு இல்லையாம், செற்றியின் மேல் அழகுக்கு விரிக்கவாம். படங்களில் பார்த்ததுபோல ஒன்றை விரித்துப் போட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "என்ன இது, ஆசுபத்திரி வாட் மாதிரி" என்று மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார். அடுத்த நாள் திரும்பவும் போட்டேன். பின்னேரம் பார்த்தால் திரும்பவும் அலுமாரிக்குள். நம் ஊர் வெக்கைக்கு இப்படிப் போர்வை போடுவது சரியா? அம்மாவுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

ஒரு வாசகி, விசுவமடு

அன்புள்ள தங்கைக்கு,

சித்தி கொண்டுவந்த போர்வையைக் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். பூனைக்குட்டியின் முதுகு போல மெதுவாக, பொசுபொசுவென்று இருந்தால் அது அநேகமாகப் பொலியெஸ்டர். பனி கொட்டும் நாட்டு வீட்டுக்கு நல்ல சாமான். ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது. சித்திரை, வைகாசியில் அதில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு ஒட்டும். கிரவல் ஒழுங்கையில் ஒரு லொறி போனால் எழும்பும் புழுதி முழுவதும் அந்த மயிருக்குள் போய்த் தங்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்னேரம் நுளம்புத்திரியைக் கொளுத்திச் செற்றிக்கு அடியில் வைப்பது நம் வீடுகளில் வழக்கம். பொலியெஸ்டரில் நெருப்புப் பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தயவுசெய்து அந்த விடயத்தில் கவனமாக இருங்கள்.

ஆகவே நம் ஊரில் வருடத்தில் பெரும்பாலான மாதங்களுக்குப் பருத்திதான். அதற்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. செற்றிக்குப் போடும் போர்வை வழமையாக 50 அங்குல அகலம், 60 அங்குல நீளம் இருக்கும். ஒரு சேலையின் நீளம் ஐந்தரை மீற்றர், அகலம் ஏறத்தாழ 45 அங்குலம். அதை மூன்றாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஆறு அடி வரும், அநேகமாக அதே அளவு. அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கும் இரண்டு பழைய நூல் சேலைகளை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரி கையாலேயே ஓட்டுத்தையல் போடுங்கள். மூன்று போர்வை கிடைக்கும். பல வருடம் துவைத்த சேலை என்பதால் சாயமும் போகாது, உடம்புக்கும் இதமாக இருக்கும். குழந்தைக்கு ஏணை கட்ட நம் பெண்கள் ஏன் பழைய நூல் சேலையைத் தேடினார்கள் என்று தொட்டுப் பார்த்தாலே விளங்கும்.

புதிதாகத்தான் வேண்டும் என்றால் கிழக்கு மாகாணத்து மருதமுனைக் கைத்தறித் துணியை வாங்குங்கள். முதல் தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில் துவைத்து நிழலில் காயப் போடுங்கள்.

விரிக்கும் விதத்தில்தான் அம்மா சொன்ன அந்த 'வாட்' இருக்கிறது என்று நினைக்கிறேன். முழுச் செற்றியையும் மூடிவிட்டால் அது கட்டில் விரிப்புப் போலத்தான் தெரியும். நீளவாக்கில் மூன்றாக மடித்து ஒரு பக்கக் கைப்பிடியில் மட்டும் தொங்கவிடுங்கள். யன்னல் சீலையில் இருக்கும் நிறங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். வெள்ளை வேண்டாம், நம் செம்மண்ணுக்கு ஒரு கிழமை தாங்காது. நுனி நிலத்தில் முட்டவும் கூடாது, கறையான் பிடிக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை உதறுங்கள், பூரான் இருந்தாலும் விழும்.

சரி, அம்மாவின் விடயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அதுதான்.

என் அம்மாவும் போர்வையை விரித்த இடத்தில் விடமாட்டார். காலையில் எழும்பியதும் மடித்துவிடுவார். பல வருடம் அதைச் சுத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் அவரே சொன்னார்: "மடிச்சு வைச்சால்தானே தூக்கிக்கொண்டு ஓடலாம்." எங்கள் வீட்டில் பெட்சீட் என்றால் உடுப்புகளை உள்ளே போட்டு நான்கு மூலையையும் முடிந்து தலையில் வைக்கும் பொட்டளி. 2009 தை, மாசியில், இறுதிப் போரில் இடம்பெயர்ந்து உங்கள் விசுவமடுவைக் கடந்து கிழக்கே போனபோது எங்களிடம் இரண்டு பொட்டளி இருந்தது. அதற்குப் பிறகு ஷெல்லுக்குப் பதுங்கக் கடற்கரை மணலில் பங்கர் வெட்டினோம். மணல் சரியும், மூடை வேண்டும், சாக்கு இல்லை. வன்னிப் பெண்கள் சேலைகளை வெட்டி மண்மூடை தைத்தார்கள். அம்மா தன் கூறைச்சேலையைத் தைத்தார். போர் முடிந்து எங்களை வைத்திருந்த செட்டிகுளத்து முகாமில் ஒரு தறப்பாளுக்குள் இருந்த இரண்டு குடும்பத்துக்கு நடுவில் சுவராகத் தொங்கியதும் ஒரு போர்வைதான்.

உங்கள் அம்மாவுக்கும் இதே காரணம்தான் என்று நான் சொல்லமாட்டேன். கேட்டுப் பாருங்கள். ஆனால் அவரிடம் 'அழகு' என்று வாதாடாதீர்கள். படங்களில் உள்ள வீட்டுக்காரர்களுக்குப் போர்வை என்றால் ஓய்வு. நம் தாய்மாருக்கு அது அப்படி இருந்ததில்லை. அதை ஓய்வாக்குவது உங்கள் செற்றியில் நடக்கலாம், அவசரப்படாமல்.

நான் செய்ததைச் சொல்கிறேன். அம்மாவிடம் ஒரு சேலை கேட்டேன். வெட்டப் போகிறேன் என்றதும் முகம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு நானும் வெட்டவில்லை. ஒரு தையலும் போடாமல், முழுச் சேலையையும் எட்டாக மடித்து அவர் இருக்கும் கதிரையின் முதுகில் போட்டேன். தன் சேலை என்பதால் எடுக்கவில்லை. நீங்களும் அப்படியே தொடங்குங்கள். வெட்டுவதா இல்லையா என்பதை அம்மாவே முடிவெடுக்கட்டும். தைக்கச் சம்மதித்தால் ஊசியையும் அவர் கையில் கொடுங்கள்.

சித்தியின் போர்வைகளை வீணாக்க வேண்டாம். மார்கழி, தையில் விடியப்புறம் பனி இறங்கும்போது நம் ஊரும் குளிரும். ஒன்றை வெளியே எடுத்து அம்மாவின் கதிரையில் போடுங்கள், நுளம்புத்திரிக்குத் தூரமாக. என் அம்மா இப்போது விடியக்காலையில் விறாந்தையில் தேத்தண்ணியோடு இருக்கும்போது நான் கதிரையில் போட்ட அந்தச் சேலையைத் தானாகவே இழுத்துக் காலில் போட்டுக்கொள்கிறார். எழும்பிப் போகும்போது சில நாட்களில் மடிக்க மறந்துவிடுகிறார்.

அன்புடன்,
அக்கா, கிளிநொச்சி