க்ரோனோ ட்ரிகர்: குறை வேறு இடத்தில் இருக்கிறது

கேள்வி: பழைய கன்சோல் ரோல் ப்ளேயிங் கேம்களில் ‘க்ரோனோ ட்ரிகர்’தான் உச்சம் என்கிறார்கள். 20 மணி நேரத்தில் முடித்துவிட்டேன். கதாநாயகன் வாயே திறப்பதில்லை. இவ்வளவு சின்ன கேமுக்கு ஏன் இத்தனை புகழ்?

பதில்: சீக்கிரம் முடிந்ததைக் குறை என்கிறீர்கள். எனக்கு அதுதான் அதன் பெரிய பலம். அந்தக் காலத்து கேம்கள் பலவற்றில் நாலடி வைத்தால் போதும், கண்ணுக்குத் தெரியாத எதிரி வந்து வழிமறிப்பான். 1995-இல் ஸ்க்வேர் நிறுவனம் நிண்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் கன்சோலுக்கு இதை வெளியிட்டபோது, எதிரிகளைப் பெரும்பாலும் கண்ணெதிரே நடமாட விட்டது. சண்டையும் நின்ற இடத்திலேயே நடக்கும். நம் ஆட்களின் பலத்தை (லெவல்) ஏற்றுவதற்காக ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வர வேண்டியதில்லை. உங்களுக்கு மிச்சமானது அந்த அலைச்சல்தான்.

அந்த 20 மணி நேரத்துக்குள் என்னவெல்லாம் இருக்கிறது! கி.பி. 600-இல் பாலையாகிப்போன நிலத்தில் காடு வளர்க்க, நம் குழுவில் இருக்கும் ரோபோவை விட்டுவிட்டுக் கிளம்புகிறோம். காலக்கப்பலில் ஏறி கி.பி. 1000-க்கு வந்தால் காடு நிற்கிறது. நமக்கு ஓரிரு நிமிடம், ரோபோவுக்கு 400 ஆண்டு உழைப்பு. காலப்பயணத்தின் கனத்தை இத்தனை சிக்கனமாக உணர்த்திய கேமை நான் வேறு பார்த்ததில்லை.

கதாநாயகன் க்ரோனோவை விசாரிக்கும் நீதிமன்றக் காட்சியும் அப்படித்தான். திருவிழாவில் யாருடைய சாப்பாட்டையோ எடுத்துத் தின்றது, தொலைந்த பூனையைத் தேடிக் கொடுத்தது எல்லாம் சாட்சியாக வந்து நிற்கும். ஆனால் குற்றவாளி என்றாலும் இல்லை என்றாலும் சிறைக்குத்தான் போக வேண்டும். நாம் செய்ததையெல்லாம் கவனித்துவிட்டு, கதையை மட்டும் அசையவிடாமல் வைத்திருக்கிறார்கள். அது எனக்கு வருத்தம்தான்.

கதாநாயகன் பேசாதது பற்றிப் பாதி ஒப்புக்கொள்கிறேன். நடுவில் க்ரோனோ இறந்துபோகிறான். அவனை மீட்காமலேயே கேமை முடிக்கலாம். அந்தத் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் மீட்டு வந்த பிறகு குழுத் தோழி மார்ல் அவனிடம் பேசுகிறாள், அவன் பக்கம் ஒரு சொல் இல்லை. அங்கே அந்த மௌனம் உறுத்துகிறது.

சரி, நீங்கள் தொடாத குறைக்கு வருகிறேன். சண்டையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது முக்கியம் என்று கேமே சொல்லித் தருகிறது. க்ரோனோவின் சைக்ளோன் என்ற தாக்குதல் அருகருகே நிற்பவர்களை வெட்டும். குழுவில் இருக்கும் லூக்காவின் ஃப்ளேம் டாஸ் ஒரே கோட்டில் நிற்பவர்களைச் சுடும். ஆனால் நம் ஆட்களை நகர்த்த ஒரு வழியும் இல்லை. எதிரிகள் தாமாக ஒன்றுகூடும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் அவர்கள் அடித்துவிடுவார்கள். அப்புறம் திரையில் உள்ள எல்லோரையும் ஒரே வீச்சில் தாக்கும் மந்திரங்கள் வந்துவிட, நிற்கும் இடத்துக்கே மதிப்பில்லாமல் போகிறது. சவாலும் குறைவு. இருவர் சேர்ந்து அடிக்கும் கூட்டுத்தாக்குதல்களில் பலவற்றைத் தொடாமலேயே கடைசிவரை போய்விடலாம். அத்தனை அழகான ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அது தேவைப்படும் சண்டைகளை அதிகம் வைக்காமல் விட்டதுதான் என் மனக்குறை.

முதலில் எதிரியாக வந்து, பிறகு குழுவில் சேர்த்துக்கொள்ளக்கூடிய மந்திரவாதி மேகஸின் நிலை இன்னும் மோசம். கதையில் அவனைப் போல ஆழமான பாத்திரம் இல்லை. ஆனால் இருவர் கூட்டுத்தாக்குதல் ஒன்றுகூட அவனுக்குக் கிடையாது. அவன் தனிமையைக் காட்டுகிறார்கள் என்று வாதாடுபவர்கள் உண்டு. அப்படியே இருக்கட்டும், ஆனால் குழுவில் சேர்க்க ஆசைப்பட்டவரின் கை அங்கே கட்டப்படுகிறது.

சின்ன கேம் என்று மூடி வைத்துவிடாதீர்கள். ஒருமுறை முடித்தால் ‘நியூ கேம் ப்ளஸ்’ திறக்கும். சேர்த்த பலத்தோடு முதலிலிருந்து தொடங்கி, கதையின் வெவ்வேறு கட்டங்களில் கடைசி எதிரியான லாவோஸை வீழ்த்தினால் வெவ்வேறு முடிவுகள், பத்துக்கும் மேல். நீங்கள் பார்த்தது ஒன்றை. கடலோர முனையில் மேகஸ் தனியாக நின்றபோது அவனோடு மோதினீர்களா, சேர்த்துக்கொண்டீர்களா? சேர்த்துக்கொண்டிருந்தால், இந்த முறை மோதி வென்று, கடைசியில் நம் குழுவின் தவளை வீரனுக்கு என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.